சேம் சைடு கோல் யார் கணக்கில்?

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு ஐஸ் ரிங்கில் இருக்கவேண்டும் என்றால் ஐந்து மணிக்கே எழுந்தாக வேண்டும். வெளியே மைனஸ் இருபத்தாறு. எட்மண்டனில் பெண்ணை ஹாக்கியில் சேர்த்துவிட்ட அப்பாக்களுக்கு இந்த வேதனை புரியும். இன்னும் சேர்க்காதவர்கள் நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். பரதநாட்டிய வகுப்பில் ஹீட்டர் உண்டு :-)

போன வார ஆட்டத்தில் என் பெண் (பத்து வயது, டிஃபென்ஸ்) ஒரு கோல் போட்டாள். சந்தோஷப்படாதீர்கள், அவள் போட்டது எங்கள் பக்கத்து வலையில். எங்கள் கோலிக்கு முன்னால் பக் தனியாகக் கிடந்தது. அதை வெளியே தள்ளிவிட வேண்டும் என்று மட்டையை வீசினாள். பக் மட்டையின் நுனியில் பட்டு, திரும்பி, நேராக வலைக்குள் போய்விட்டது. இரண்டுக்கு இரண்டு என்றிருந்த ஆட்டம் மூன்றுக்கு இரண்டில் முடிந்தது. நாங்கள் தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் கணக்கு எழுதுகிறவரிடம் இருந்த ஷீட்டைப் போய்ப் பார்த்திருக்கிறாள். வண்டியில் ஏறி சீட் பெல்ட் போட்டதும் முதல் கேள்வி.

"அப்பா, அந்த ஷீட்ல என் நம்பரே இல்ல. அவங்க டீம் பதினாலு போட்டதா எழுதியிருக்கு. நான் போட்டதுதானே?"

"ரூல் அப்படிம்மா."

"பதினாலு எங்கயோ தள்ளி நின்னா. யாருப்பா இப்படி ரூல் போட்டது? எதுக்கு?"

எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். ஆபீஸில் திங்கட்கிழமை காலை ஹாக்கி பேச்சுக்குத் தலையாட்டவும் பழகிவிட்டேன். ஆனால் இதை ஒரு நாளும் யோசித்ததில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர் விஷயம். இதை நாம் 'சேம் சைடு கோல்' என்போம். இங்கே ஆபீஸில் அப்படிச் சொன்னால் ஒருவருக்கும் புரியவில்லை. எனக்கு ஊர் போடிமெட்டு. தமிழ்நாடு செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளா செக்போஸ்ட். இந்தப் பக்கத்தில் 'சேம் சைடு கோல்', அந்தப் பக்கத்தில் 'செல்ஃப் கோல்'. நடுவில் ரோடு மட்டும்தான். ஒரே தப்புக்கு ரோட்டின் இரண்டு பக்கமும் இரண்டு பெயர் வைத்திருந்தோம். ஐஸ் ஹாக்கி கணக்குப் புத்தகத்திலோ அதற்குப் பெயரே கிடையாது!

விதி என்ன சொல்கிறது

என்.ஹெச்.எல். விதிப்படி, காக்கிற அணியின் ஆட்டக்காரர் எந்த விதமாக பக்கைத் தன் வலைக்குள் போட்டுக்கொண்டாலும் அது கோல்தான். மட்டையில் பட்டதா, காலில் பட்டதா என்ற கேள்வியெல்லாம் இல்லை. கோல் யார் பேரில்? எதிரணியில் கடைசியாக பக்கைத் தொட்டவர் யாரோ அவர் பேரில். அவர் தொட்டபோது கோலை நினைத்துக்கூடப் பார்த்திருக்க வேண்டாம். தொட்டிருந்தால் போதும்.

ஹாக்கியில் கோல் போட்டவருக்கு ஒரு பாயிண்ட், அதற்கு முன் பாஸ் கொடுத்தவர்களுக்கும் (அதிகபட்சம் இரண்டு பேர்) அசிஸ்ட் என்று ஆளுக்கு ஒரு பாயிண்ட் உண்டு. சேம் சைடு கோலில் மட்டும் அசிஸ்ட் யாருக்கும் கிடையாது. நியாயம்தானே, பாஸ் கொடுத்ததே எதிராளி!

அப்படியானால் தவறு செய்தவருக்குத் தண்டனையே இல்லையா? 'ப்ளஸ் மைனஸ்' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் ஆடும்போது கோல் விழுந்தால், வாங்கிய அணியில் அந்த நேரம் ஐஸில் நின்ற ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஒரு மைனஸ். சேம் சைடு போட்டவருக்கும் அதே ஒரு மைனஸ்தான், சும்மா நின்ற நான்கு பேருக்கும் அதே ஒன்றுதான். பாவம் கோலி, அவர் விட்ட கோல்களின் எண்ணிக்கையிலும் ஒன்று ஏறும். கிட்டத்தட்ட கூட்டுக் குடும்பத்துக் கடன் மாதிரி.

கோலே போடாமல் கோல் போட்டவர்

இந்த விதியால் வேடிக்கையான சரித்திரம் ஒன்று உண்டு. என்.ஹெச்.எல். தொடங்கியது 1917ல். அதற்குப் பிறகு 62 வருடம் ஒரு கோலியின் பேரில்கூட கோல் ஏறவில்லை. முதல் ஆள் நியூயார்க் ஐலண்டர்ஸ் அணியின் பில்லி ஸ்மித். நாள் 1979 நவம்பர் 28, இடம் டென்வர், எதிரணி கொலராடோ ராக்கீஸ்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிய வேண்டும். எதிரணி ஃபவுல் செய்தால் நடுவர் உடனே விசில் ஊதமாட்டார். கையை மட்டும் தூக்குவார். ஃபவுல் செய்த அணி பக்கைக் கைப்பற்றியதும்தான் விசில். அதுவரை அவர்களால் கோல் போடவே முடியாது. அதனால் இந்த அணி தைரியமாகத் தன் கோலியை வெளியே கூப்பிட்டுக்கொண்டு கூடுதலாக ஒரு ஆளைத் தாக்குவதற்கு இறக்கும். சொந்த வலை திறந்து கிடக்கும். வீட்டுக் கதவைத் திறந்துபோட்டு, தெருவில் திருடனே இல்லை என்று கோயிலுக்குப் போகிற மாதிரி.

அன்று ராக்கீஸ் அதைத்தான் செய்தார்கள். அவர்கள் அடித்த பக் பில்லி ஸ்மித் மேல் பட்டுத் திரும்பியது. அதை மூலையில் எடுத்த ராப் ராமேஜ் என்ற ராக்கீஸ் ஆட்டக்காரர், பின்னால் தன் ஆள் இருப்பார் என்று நினைத்து பாஸ் கொடுத்தார். அங்கே யாருமே இல்லை. பக் அது பாட்டுக்கு மைதானத்தின் முழு நீளமும் சறுக்கிக்கொண்டு போய் அவர்களுடைய காலி வலைக்குள் விழுந்தது. ஐலண்டர்ஸில் கடைசியாகத் தொட்டவர் யார்? முதலில் வேறொருவர் பேரில் எழுதி, பிறகு சரிபார்த்து, பில்லி ஸ்மித் என்று மாற்றினார்கள். (இத்தனைக்கும் அந்த ஆட்டத்தில் ஜெயித்தது ராக்கீஸ்தான்.)

கோலி ஒருவர் நிஜமாகவே அடித்துப் போட்ட முதல் கோல் அதற்கு எட்டு வருடம் கழித்து, 1987 டிசம்பர் 8ல் வந்தது. பிலடெல்பியாவின் ரான் ஹெக்ஸ்டால் பாஸ்டனின் காலி வலைக்குத் தூக்கி அடித்தார். ஆனால் 'முதல் கோலி' என்ற பட்டியலில் இன்றைக்கும் முதல் பெயர் பில்லி ஸ்மித்தான். 2000 பிப்ரவரியில் நியூஜெர்சியின் மார்ட்டின் ப்ரோடரும் இதே மாதிரி எதிராளி தயவில் ஒரு கோல் வாங்கினார். அது ஆட்டத்தையே ஜெயித்துக் கொடுத்த கோலாகவும் அவர் கணக்கில் சேர்ந்தது. நம் ஊரில் இதைத்தான் யோகம் என்பார்கள்.

1986 ஏப்ரல் 30

இதுவரை சொன்னது வேடிக்கை. இனிமேல் சொல்லப்போவது நான் இருக்கும் ஊரின் கதை. எட்மண்டனில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமும் 'ஸ்டீவ் ஸ்மித்' என்று சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிடம் கண்ணை மூடித் திறப்பார்கள்.

1984, 1985 இரண்டு வருடமும் ஸ்டான்லி கோப்பை எட்மண்டன் ஆயிலர்ஸிடம். வெய்ன் க்ரெட்ஸ்கி, மார்க் மெஸ்ஸியே, கிராண்ட் ஃப்யூர் என்று தேர் மாதிரி ஒரு அணி. மூன்றாவதும் நமக்கே என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. இரண்டாவது சுற்றில் பரம வைரியான கால்கரி ஃப்ளேம்ஸ். (எட்மண்டனும் கால்கரியும் ஒரே மாகாணத்தில் மூன்று மணி நேரக் கார்ப் பயணம். பக்கத்து ஊர்ப் பகை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.) ஆளுக்கு மூன்று ஆட்டம் ஜெயித்து, ஏழாவது ஆட்டம் எட்மண்டனில். மூன்றாவது பகுதியில் இரண்டுக்கு இரண்டு.

ஸ்டீவ் ஸ்மித் ஆயிலர்ஸின் இளம் டிஃபென்ஸ் ஆட்டக்காரர். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவில் பிறந்து கனடாவுக்கு வந்தவர், அதாவது நம்மைப் போல வந்தேறி. அன்று அவருக்கு 23வது பிறந்தநாள். கால்கரியின் பெர்ரி பெரெஸான் பக்கை ஆயிலர்ஸ் பக்கம் தள்ளிவிட்டு, மூச்சு வாங்க பெஞ்சுக்குப் போய்விட்டார். ஸ்மித் அதைத் தன் வலைக்குப் பின்னால் எடுத்து, குறுக்கே தன் ஆளுக்கு பாஸ் கொடுத்தார். எத்தனையோ முறை கொடுத்த பாஸ்தான். அது கோலி ஃப்யூரின் காலுக்குப் பின்புறம் பட்டு உள்ளே போய்விட்டது. ஸ்மித் அப்படியே ஐஸில் குப்புற விழுந்தார். எழுந்தபோது அழுதுகொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஆயிலர்ஸ் கோல் போடவில்லை. கால்கரி மூன்று, எட்மண்டன் இரண்டு. கோப்பைக் கனவு முடிந்தது.

கணக்குப் புத்தகத்தில் என்ன இருக்கிறது? கோல்: பெர்ரி பெரெஸான். அசிஸ்ட்: இல்லை. கோல் விழுந்தபோது பெரெஸான் ஐஸிலேயே இல்லை, பெஞ்சில் இருந்தார். இன்னொரு வேடிக்கை, பெரெஸான் பிறந்தது எட்மண்டனில்! ஊர்ப் பிள்ளை, ஊர் தோற்ற கோலைத் தன் பேரில் வாங்கிக்கொண்டார். ஸ்மித்தின் பெயர் அந்த வரியில் இல்லவே இல்லை.

ஆனால் யார் ஞாபகத்தில் பெரெஸான் இருக்கிறார்? நாற்பது வருடம் ஆகிறது. அந்த ஆட்டம் நடந்த பழைய கொலிஸியத்தை 2018ல் மூடியும் விட்டார்கள். ஊர் சொல்வது ஸ்மித்தின் பெயரைத்தான். கோலைத் தட்டிய கால் ஃப்யூருடையது என்பதைக்கூட யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கதை அங்கேயே நின்றிருந்தால் இதை என் பெண்ணிடம் சொல்லியிருக்க மாட்டேன். அடுத்த வருடம், 1987 மே 31. ஆயிலர்ஸ் பிலடெல்பியாவை ஏழாவது ஆட்டத்தில் வென்று கோப்பையைத் திரும்பப் பிடித்தது. கேப்டன் க்ரெட்ஸ்கி கோப்பையை வாங்கித் தூக்கினார். பிறகு யாரிடம் கொடுப்பது? நட்சத்திரங்கள் எத்தனையோ பேர் நின்றிருந்தார்கள். க்ரெட்ஸ்கி தேடிப் போய் முதலில் கொடுத்தது ஸ்டீவ் ஸ்மித் கையில். புத்தகத்தில் இதற்கும் இடமில்லை. ஆனால் ஊர் இதையும் ஞாபகம் வைத்திருக்கிறது.

ஸ்மித் ஆயிலர்ஸோடு மூன்று கோப்பை ஜெயித்தார். கடைசிக் காலத்தில் கால்கரிக்கே ஆடப் போய், 1999-2000ல் அந்த அணிக்கு கேப்டனாகவும் இருந்தார். பிறகு எட்மண்டனில் உதவிப் பயிற்சியாளராகவும் வேலை பார்த்தார். தலைமறைவாகப் போகவில்லை.

மற்ற ஆட்டங்களில்

ஃபுட்பாலில் கதை தலைகீழ். சேம் சைடு போட்டவரின் பெயரே ஸ்கோரில் ஏறும், பக்கத்தில் அது சேம் சைடு என்ற குறிப்போடு. (எதிராளி அடித்த பந்து கோலை நோக்கிப் போய்க்கொண்டிருந்து, நடுவில் நம் ஆள்மேல் உரசிப் போனால் பொதுவாக அடித்தவர் பேரில்தான்.) 2018 உலகக் கோப்பையில் மட்டும் இப்படிப் 12 கோல்கள். அதுதான் அதிகம். கொலம்பியாவின் ஆந்த்ரேஸ் எஸ்கோபாரை மறந்திருக்க மாட்டீர்கள். 1994 ஜூன் 22ல் அமெரிக்காவுக்கு எதிராக காலை நீட்டித் தடுக்கப் போய் சேம் சைடு. பத்து நாள் கழித்து, ஜூலை 2ம் தேதி, சொந்த ஊரான மெடலினில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். வயது 27.

நம் ஹாக்கியில், அதாவது பாஸ்கரனும் தன்ராஜ் பிள்ளையும் ஆடிய புல்தரை ஹாக்கியில், சேம் சைடு கோல் என்பதே இல்லை. 'டி'க்குள் தாக்குகிற அணியின் மட்டை பட்டிருந்தால்தான் கோல். அதற்குப் பிறகு காப்பவர் மேல் பட்டுப் போனாலும் கோல்தான். ஆனால் காப்பவர் மட்டும் தொட்டுத் தன் வலைக்குள் போட்டுக்கொண்டால் கோல் இல்லை. 2013 தொடக்கத்தில் சர்வதேச சம்மேளனம் சோதனையாக சேம் சைடு கோலைக் கொண்டுவந்தது. யார் மேலாவது பட்டால் போதும் என்று வெளியே இருந்து கண்மூடித்தனமாக 'டி'க்குள் அடிப்பார்கள், ஆபத்து என்று எதிர்ப்பு வந்தது. சில வாரங்களிலேயே விதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

ஐஸ் ஹாக்கி விதிக்கு நெருங்கிய சொந்தம் எது தெரியுமா? நம் கிரிக்கெட் ஓவர்த்ரோ! ஃபீல்டர் தப்பாக எறிந்தால் ரன் பேட்ஸ்மேன் கணக்கில். 2019 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் மார்ட்டின் கப்டில் எறிந்த பந்து, டைவ் அடித்த பென் ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு பவுண்டரிக்குப் போனது. ஆறு ரன்னும் ஸ்டோக்ஸ் கணக்கில்தான் ஏறியது. ஸ்கோர்கார்டில் கப்டில் எறிந்த விவரமே இருக்காது.

ஏன் இப்படி? எனக்குத் தோன்றுவது இதுதான். ஐஸ் ஹாக்கியில் பக் மட்டையில், காலில், ஸ்கேட்டில் என்று பட்டுத் தெறித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தெறிப்புக்கும் குற்றவாளி தேடினால் டிஃபென்ஸ் ஆட ஆள் கிடைக்காது. அதனால் கணக்குப் பிள்ளை வரவை மட்டும் எழுதுகிறார். யார் தொலைத்தது என்று எழுதுவதில்லை.

போடிமெட்டில்

எங்கள் ஊர்ப் பக்கம் புத்தகமே கிடையாது. மூணாறில் தேயிலை எஸ்டேட்களுக்கு இடையே ஃபின்லே ஷீல்டு என்று பிரிட்டிஷ்காரன் காலத்தில் ஆரம்பித்த ஃபுட்பால் போட்டி உண்டு, பழைய மூணாறு மைதானத்தில் நடக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்த உற்சாகத்தில் ஏலக்காய்க் காட்டுக்காரர்களும் பொங்கலுக்கு எஸ்டேட்டுக்கு எஸ்டேட் ஆடிக்கொள்வார்கள். அப்பா ஏலத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. 1974 பொங்கல் ஆட்டத்தில் லெஃப்ட் பேக். ஆட்டம் முடிகிற நேரம் கோலிக்குத் திருப்பிக் கொடுத்த பந்து சொந்த கோலுக்குள் போய்விட்டது.

அன்றிலிருந்து அப்பாவின் பெயரே 'சேம்சைடு' ஆகிவிட்டது. ரேஷன் கடையில் சேம்சைடு, டீக்கடையில் சேம்சைடு, ஜீப் ஸ்டாண்டில் சேம்சைடு. கீழே போடி ஸ்கூலில் நான் 'சேம்சைடு மகன்'. அதற்காக இரண்டு பேரை அடித்து, நான்கு பேரிடம் அடி வாங்கியிருக்கிறேன். அப்பா சிரித்துக்கொண்டே இருப்பார். எனக்கு அவர் சிரிப்பதுதான் கோபமாக வரும். ஒரு தடவைகூட அந்த ஆட்டத்தைப் பற்றி அவரிடம் கேட்டதில்லை. சண்டை போட்டதில் கேட்க விட்டுப்போனது.

போன ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஊருக்கு போன். ஃபோனை என் பெண் பிடுங்கிக்கொண்டு, உடைந்த தமிழில் எல்லாவற்றையும் தாத்தாவிடம் ஒப்பித்தாள். ஷீட், பதினாலாம் நம்பர், ஸ்டீவ் ஸ்மித், எல்லாம். ஸ்பீக்கரில் அப்பா சிரிப்பது கேட்டது.

"நானும் போட்ருக்கேன் ஆத்தா. ஒங்கப்பன் சொல்லலையா?"

"சொன்னாங்க தாத்தா. ஏன் போட்டீங்க?"

"மேகம் எறங்கிருச்சு. கோல் போஸ்ட்டே தெரியல. கோலி உள்ள நிக்கிறான்னு நெனச்சுத் திருப்பிக் குடுத்தேன். அவன் பந்தை எடுக்க வெளிய ஓடியாந்துட்டான்."

"அப்ப அது கோலி மிஸ்டேக் தாத்தா!"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன்.

"அவன் பதினேழு வயசுப் பயம்மா. வேலைக்குச் சேந்து ஒரு மாசம்கூட ஆகல. அவன் வெளிய வந்தது மேகத்துல யாருக்கும் தெரியல. எல்லாரும் என்னையத்தான் கேட்டாய்ங்க, நாந்தான்னு சொல்லிட்டேன். போன தையில அவனும் போய்ச் சேந்துட்டான். இனிமே சொன்னா என்ன."

ஐம்பது வருடத்துக்கு மேல் ஊரே ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதற்காக அடி வாங்கினேன். ஊர் ஞாபகம் புத்தகத்தைவிடச் சரியாக இருக்கும் என்று இவ்வளவு நேரம் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவனும் நான்தான்.

என் பெண் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பதினாலாம் நம்பருக்குத் தெரியுமாப்பா, அவ கோல் போட்டான்னு?" என்றாள்.

தெரிந்திருக்கும். அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் அந்த ஷீட்டின் காப்பி ஒட்டியிருந்தாலும் இருக்கும்.

பி.கு: வரும் சனிக்கிழமை ஆட்டம் ஆறே காலுக்காம். இவளை மறுபடி டிஃபென்ஸிலேயே நிறுத்தப்போகிறேன் என்று கோச் சொல்லியிருக்கிறார். நான்கு மணிக்கு அலாரம் வைத்தாயிற்று.